ஜாக்கியில் ஏறிய வீடு

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் புதுச்சேரியில் ஆளாளுக்கு ஒன்று தேவைப்பட்டது. சிலருக்குப் பால், சிலருக்கு மெழுகுவத்தி, சிலருக்குக் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர். இந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும் பெயிண்ட் தேவைப்பட்டது.

சிரிக்காதீங்க கண்ணுங்களா, நிஜம்தான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஊரின் தெற்கு மூலையில், தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைக்கிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிற தெரு அது. புயல் தண்ணீர் அத்தனை வீட்டுக்குள்ளும் புகுந்து, ஒரு நாள் முழுக்கத் தங்கி, வடியும்போது சுவரில் பழுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. சேறு இன்னும் அள்ளி முடியவில்லை. அதற்குள் ஆம்பளைகள் பிரஷ்ஷும் கையுமாக நின்றார்கள். தண்ணி ஏறுகிற வீட்டுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளைப் பையன் மூஞ்சியைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரின் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கோடு மறைய வேண்டும். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் ஒரு மாசத்தில் அம்மை போட்ட தோல் மாதிரி உரிந்தது. மறுபடி அடித்தார்கள்.

இதில் நல்லா வாழ்ந்தது பெயிண்ட் கடைக்காரர் கலீலுல்லா. அவர் வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது, அவர் வீட்டிலும் கோடு இருந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு அடித்தவரும் அவர்தான்.

"ஸாகிப் அத்தா, செவுரு இன்னும் அழுவுது. அது மேல பூசிக்கினு இருக்கீங்களே," என்றாள் அவர் மனைவி ஜஹபர் நிஷா.

"நீ உள்ள போ. கடலூர்க்காரங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க."

கடலூர்க்காரர்கள் என்றால், அவர்கள் பையன் ஸாகிபுக்குப் பேசிக்கொண்டிருந்த ஹனீன் என்கிற பொண்ணின் வீட்டார். அந்தச் சம்பந்தத்தில் நிஷாவுக்கும் ஆசை இருந்தது. அதனால் உள்ளே போனாள். போனவள் நேராக நடுக்கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனாள்.

இந்த நடுக்கதவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முன்பு இரண்டும் ஒரே வீடு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் உத்தியோகம் பார்த்த நிஷாவின் மாமனார் கட்டியது. அவர் போகும்போது கிழக்குப் பாதியை மகன் கலீலுல்லாவுக்கும் மேற்குப் பாதியை மகள் ஸமீஹாவுக்கும் எழுதி வைத்தார். குறுக்கே சுவர் வந்தது. சுவரில் ஒரு கதவும் வைத்தார்கள், பொம்பளைகள் தெருவில் இறங்காமல் போக வர. ஸமீஹாவின் புருஷன் சீக்கிரமே மௌத்தாகிவிட்டார். அவள் தையல் மெஷின் போட்டு, ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். இரண்டு பொம்பளைகளும் அந்தக் கதவு வழியாகத்தான் குழம்பைக் கொடுத்து, வெங்காயத்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல் அழுது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்து இத்தனை வருஷத்தை ஓட்டினார்கள். நிஷாவுக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. ஸமீஹாதான்.

ஸமீஹா வீட்டுக் கோட்டின் மேல் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. அங்கே சம்பந்தம் பேச யாரும் வரப்போவதில்லை.

தை பிறந்த பிறகு லாஸ்பேட்டையில் இருந்து வினோதா என்று ஒரு பொண்ணு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கையில் ஆளை விட உயரமாக ஒரு அளவுகோல். கலீலுல்லா அவளை உட்கார வைத்து, ரோஸ் மில்க் கொடுத்து, அரசாங்கத்து ஆளா என்று விசாரித்தார்.

"இல்லீங்க ஐயா, காலேஜ்தான். ஆனா நாங்க எடுக்கற கணக்கை வெச்சுத்தான் வாய்க்கால் வேலை நடக்கும். போன புயல்ல உங்க வீட்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"ஏம்மா, புயல்னா தண்ணி வரும் போகும். அதைப் போய் அளந்துகிட்டு?"

"முன்ன மாதிரி இல்லீங்களே. கடல் சூடாயிடுச்சு. ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து ஏழு சதம் ஈரத்தைக் கூடுதலா தாங்கும். அத்தனையையும் புயல் வரும்போது ஒரே மூச்சுல கொட்டிடும். மாசம் பூரா பெய்ய வேண்டியது ஒரே நாள்ல பெய்யுது. கடல் மட்டமும் ஏறிக்கிட்டே இருக்கு. அந்த நேரம் கடலும் பொங்கி நின்னா, வாய்க்கால் தண்ணி உள்ள போவ வழியில்லாம ஊருக்குள்ளயே திரும்புது. எந்தத் தெருவுல எவ்வளவு நிக்குதுன்னு சரியாத் தெரிஞ்சா, அங்க வாய்க்காலை ஆழப்படுத்தலாம், பம்பு வெக்கலாம்."

நிஷா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிரியாணிக்குத் தம் போட்ட தேக்ஸாவின் மூடியைத் திறந்தால் மூடியில் இருந்து மடமடவென்று கொட்டுமே தண்ணீர், அதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்பை ஏற்றினால் ஆவி கூடும், ஆவி கூடினால் கொட்டுவதும் கூடும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அவள் புருஷனுக்கும் நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் பொய் சொன்னார்.

"எங்க தெருவுல தண்ணியா? வாசல்ல கூட நிக்காதும்மா."

அந்த நேரம் பார்த்து நடுக்கதவு திறந்தது. ஸமீஹா தலையை நீட்டி அண்ணியைக் கேட்டாள். "யாரு மச்சி, தண்ணி கணக்கெடுக்க வந்திருக்காங்களா? எங்க வீட்ல இடுப்பு வரைக்கும்..."

"குழாய்!" என்று கத்தினார் கலீலுல்லா. "அவ வீட்ல குழாய் உடைஞ்சு போச்சும்மா. அதைச் சொல்றா."

வினோதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையோரம் தெரிந்த நிஷாவைப் பார்த்தாள். நிஷா சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். கடலூர்க்காரர்கள் வந்து பார்த்து, பொண்ணுக்குப் படிப்பு முடியட்டும், மழைக்காலத்தில் வந்து தேதி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்த நேரம். வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

கலீலுல்லா வீட்டில் சொன்ன பொய் வினோதாவுக்கு முன்னால் ஓடித் தெருவெல்லாம் பரவிவிட்டது. அடுத்த வீட்டில் தண்ணி வாசல் தாண்டவில்லை. அதற்கடுத்த வீட்டில் வாசலுக்கே வரவில்லை. கடைசி வீட்டுக்காரர், "புயலா? எந்தப் புயலும்மா?" என்றே கேட்டார்.

"இத்தனை வீட்லயும் ஒரே நேரத்துல பெயிண்ட் அடிச்சிருக்கீங்களே," என்றாள் அந்தப் பொண்ணு.

"கல்யாண சீசன்மா."

நாலு மாசம் கழித்து வரைபடம் வந்தது. ஊரெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு. இந்தத் தெரு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. முன்தெருவில் பொக்லைன் வந்து வாய்க்காலைத் தோண்டியது. பின்தெருவில் பம்பு வைக்க மேடை கட்டினார்கள். இந்தத் தெருவுக்கு ஒரு மண்வெட்டிகூட வரவில்லை.

மரியாதை மட்டும் வந்தது. கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில், போர்வை கேட்கிற அளவுக்கு ஏசி போட்ட ஹாலில், ஏதோ ஒரு அமைப்பு கூட்டம் போட்டது. 'மாறும் பருவநிலையை வெல்வோம்' என்று பிளாஸ்டிக்கில் பேனர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். சுற்றிலும் வெள்ளம் நின்றும் நனையாமல் தாக்குப் பிடித்த தெரு என்று கலீலுல்லாவை மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, முன்னோர்களின் அறிவு, மண்ணின் தன்மை என்று அளந்தார். கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது எழுந்து, கொஞ்சம் தெருவைப் பார்த்துவிட்டு வரலாமே என்று சொன்னார்களா? தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வெயிலாக இருந்ததாம்.

கடைசி வரிசையில் இருந்து வினோதா மட்டும் கேட்டாளாம். "ரெண்டு பக்கமும் தண்ணி நின்ன தெருவுக்கு நடுவுல உங்க தெருவுல மட்டும் எப்படி ஐயா நிக்கல?"

"எல்லாம் அல்லாவோட கருணை," என்றாராம் இவர்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது நிஷா பொன்னாடையை வாங்கி மடித்து, மடித்த வேகத்தில் நாற்காலியில் எறிந்தாள். "பொய் சொல்றதை உங்க வாயால சொல்லுங்க. அவனைச் சாட்சிக்கு இழுக்காதீங்க."

வெளியே பச்சை என்று சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்கு அடுத்த மழையை நினைத்துப் பயம்தான். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ஊற்றி, தெரு வருஷத்துக்கு வருஷம் ஏறி, வீடு குழியில் கிடந்தது. அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். நனைகிற வீட்டை நனைகிற வீடு என்று ஒத்துக்கொள்ளாமல் காப்பாற்றுகிற யோசனை. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது.

தெய்வசிகாமணி என்று ஒரு மேஸ்திரி வந்தார். லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி வீட்டைத் தூக்குகிறவர். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நான் தூக்காத வீடே கெடையாது பாய். பிள்ளைச்சாவடில ஒரு வீட்டைத் தூக்கினேன். உள்ள இருந்தவங்களுக்கே தெரியல, டிவி பாத்துக்கினு இருந்தாங்க. சீரியல் முடிஞ்சு எழுந்து வாசலுக்கு வந்தா, படியைக் காணோம்!"

"நாலடி தூக்கணும்."

"தூக்கிடலாம். எதுக்குத் தூக்கறீங்க, தண்ணி வருதா?"

"ச்சே, ச்சே. காத்தோட்டத்துக்கு."

"ஆங், காத்தோட்டத்துக்கு," என்று தெய்வசிகாமணி சிரிக்காமல் தலையாட்டினார். இந்தத் தொழிலில் அவருக்கு வருகிற எல்லாருமே காற்றோட்டத்துக்காகத்தான் வருகிறார்கள். "நடுச் செவுரு உங்க கூட மேல வந்துடும். அந்தாண்ட தங்கச்சி வீட்டுக்கு ஒத்தக்கல்லுல புதுசா ஒரு செவுரு எடுத்துக் கொடுத்துடறேன். கதவு இருக்கற எடத்தைச் செங்கல் வெச்சு அடைச்சுடணும்."

நிஷா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "அவ வீட்டையும் சேத்துத் தூக்கினா என்னா?"

"அவ பக்கத்தை அவ பாத்துக்கட்டும்," என்றார் கலீலுல்லா.

"அவ எப்படிப் பாத்துப்பா? ஊசியால நெம்பித் தூக்குவாளா? நம்ம வீடு மேல ஏறிப்போச்சுன்னா நம்ம மேல விழற தண்ணியும் அவ வீட்லதான் போய் நிக்கும். தூக்கினா ரெண்டையும் தூக்குங்க. இல்லாட்டி ரெண்டும் கெடக்கட்டும். நான் சொல்றது இது ஒண்ணுதான்."

"வரைபடத்துல நம்ம தெரு பச்சை. தண்ணி எங்கேருந்து வரும்?"

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டது அவருக்கே தெரிந்தது. மேஸ்திரி தாடியைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

ஸமீஹாதான் கதவருகில் நின்று, "விடு மச்சி. அண்ணன் நல்லா இருந்தா சரி," என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் நிஷாவுக்கு ஆறவே இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது கூட நின்று போட்டிருக்கலாம்.

வீடு ஏறிய நாளன்று தெருவே திருவிழா. குருசுக்குப்பத்தில் இருந்துகூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். அடியில் வரிசையாக ஜாக்கி. தெய்வசிகாமணி விசில் ஊத, ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் திருப்பு திருப்பினார்கள். மறுபடி விசில், மறுபடி கால் திருப்பு. தைரியத்தைக் காட்ட வேண்டுமென்று கலீலுல்லா உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஜன்னலுக்குள் அவர் தலை மெல்ல மெல்ல உயர்ந்தது. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நிஷா எதிர்வீட்டு வாசலில் இருந்து பார்த்தாள்.

"சிம்மாசனம் மாதிரி இருக்குல்ல மச்சி?" என்றாள் ஸமீஹா.

"தூக்குல போடற மாதிரியும் இருக்கு," என்றாள் நிஷா.

எல்லாம் முடிந்தபோது நிஷாவின் கூடத்தில் நடுக்கதவு அப்படியே நின்றது. திறந்தால் செங்கல். அந்தச் செங்கலுக்குப் பின்னால், நாலடிக் கீழே, ஸமீஹாவின் தரை. கதவின் மேல் ஒரு திரையைத் தொங்க விட்டார்கள். அப்புறம் ஸ்கூட்டர் ஏற வேண்டுமே? வாசலில் இருந்து தெருவின் நடு வரைக்கும் சிமெண்டில் ஒரு ரேம்ப் போட்டார் கலீலுல்லா. தெரு ஓரச் சாக்கடையின் மேல், அடியில் குழாய்கூட விடாமல், ஜல்லியும் உடைசலும் போட்டு நிரப்பிக் கெட்டியாகப் போட்டார். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் போட்டார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் போட்டார். தண்ணி போக இருந்த ஒரே வழியை வீட்டுக்கு வீடு மரியாதையாக மூடினார்கள்.

ஸமீஹா இப்போது அண்ணன் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் புர்கா போட்டு, வாசலைப் பூட்டி, தெருவில் இறங்கி, அந்த ரேம்பில் மூச்சு வாங்க ஏற வேண்டும். முதலில் தினமும் வந்தாள். பிறகு முட்டி வலி என்றாள். குழம்புக் கிண்ணம் போவது நின்றது. நிஷா சாயங்காலத்தில் திரையை விலக்கி, கதவைத் திறந்து, செங்கலைத் தட்டுவாள். அந்தப் பக்கத்தில் இருந்தும் தட்டல் வரும். ஒரு வீட்டு மருமகளும் மகளும் ஜெயில் கைதிகள் மாதிரி பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடலூர்க்காரர்கள் தேதி வைக்க வருவதாக முடிவாயிற்று. பலத்த மழை என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். "வானிலைக்காரன் கெடக்கான். அவன் மழைன்னா வெயிலடிக்கும்," என்றார் கலீலுல்லா. அவர்கள் காரை விட்டு இறங்கும்போது தூறல். சர்பத் குடித்து முடிப்பதற்குள் தெரு தெரியவில்லை.

பொண்ணின் அத்தா கவுஸ் பாய் நல்ல பருமன், நல்ல பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்து, "வீடு நல்லா உசரமா இருக்கு," என்று நாலு தடவை சொன்னார். கலீலுல்லாவுக்கு முகமெல்லாம் பல். ஸாகிப் புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உள்ளே தேக்ஸாவில் பிரியாணி தம்மில் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். தேதி வைக்கிற அன்று முதல் கரண்டிச் சோற்றைப் பையனின் மாமி, அதாவது அத்தாவின் தங்கச்சி, கையால் போட வேண்டும். அவள் போட்ட பிறகுதான் மற்ற பேச்சு. கடலூர்ப் பக்கமும் அதே வழக்கம்தான். அதனால் கவுஸ் பாயின் மனைவி சுற்றிப் பார்த்துக் கேட்டார். "பையனோட மாமி எங்க?"

"உடம்பு முடியல," என்றார் கலீலுல்லா.

அப்போது சுவர் தட்டியது.

டக், டக், டக். நிஷாவின் கை நின்றது.

"என்னா சத்தம்?" என்றார் கவுஸ் பாய்.

"மழைக்குச் செவுரு அப்படித்தான் சத்தம் போடும்," என்றார் கலீலுல்லா.

மறுபடி தட்டியது. இந்தத் தடவை வேகமாக, நிற்காமல். சாயங்காலத் தட்டலின் சத்தம் நிஷாவுக்குத் தெரியும். இது அது இல்லை. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். ரேம்ப் ரேம்பாக முட்டி நின்ற தண்ணீர் தெருவைக் குளமாக்கியிருந்தது. அவர்கள் மொட்டைமாடிக் குழாயில் இருந்து ஒரு அருவி நேராக ஸமீஹாவின் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸமீஹாவின் கதவு பாதி வரை முழுகியிருந்தது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. அத்தனை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே இருந்து யாராலும் திறக்க முடியாது.

கலீலுல்லா பின்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நிஷா. இவங்க போகட்டும். ஒரு மணி நேரம். ஒண்ணும் ஆவாது."

நிஷா அவரைப் பார்த்தாள். ஒரு தடவை வாயை மூடியதன் பலன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. சம்பந்தம் போனால் வேறு சம்பந்தம் வரும். ஸமீஹா போனால்?

அவள் சமையற்கட்டுக்குப் போய் உலக்கையை எடுத்து வந்தாள். விருந்தாளிகள் நடுவே நடந்து, திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்து, கதவைத் திறந்து, செங்கல்லில் ஒரு இடி இடித்தாள். கவுஸ் பாய் சோபாவில் கால்களைத் தூக்கிக்கொண்டார்.

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" என்று கலீலுல்லா கத்தினார்.

"ஸாகிபு, புதுச் சட்டையைக் கழட்டிட்டு வாடா!"

பையன் வந்தான். தாயும் மகனும் மாறி மாறி இடித்தார்கள். ஒற்றைக்கல் சுவர்தானே, நாலாவது இடியில் வழி விட்டது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், தையல் மேஜையின் மேல், இடுப்பு வரை நனைந்த ஸமீஹா நின்றிருந்தாள். தட்டிய கத்தரிக்கோல் கையில் இருந்தது. கழுத்தைச் சுற்றி, தோளின் மேல், தலையின் மேல் எல்லாம் ஊராரின் தீபாவளி ரவிக்கைகள்.

"முதல்ல இதை வாங்கு மச்சி," என்றாள். "சம்கி வெச்சது, நனைஞ்சா சாயம் போவும்."

ரவிக்கைகள் வந்தன. பிறகு ஸமீஹா வந்தாள். கூடத்துப் புதுக் கம்பளத்தில் சேற்றுத் தண்ணி சொட்ட நின்று, விருந்தாளிகளைப் பார்த்து வெட்கத்தோடு ஸலாம் சொன்னாள்.

கலீலுல்லா கண்ணை மூடிக்கொண்டார். கவுஸ் பாய் மெல்ல எழுந்து, ஓட்டை வழியாக எட்டிக் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாய்," என்றார் தணிந்த குரலில். "இந்த வீட்டைத் தூக்கின ஆளு நம்பர் இருக்குதா?"

"எதுக்கு?"

"எங்க வீட்டுக்கு. காத்தோட்டத்துக்கு."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் பூசி மெழுவுறீங்க? போன வருசம் எங்க கட்டில் மெதந்துச்சு! இவங்க கேட்டா சொல்லாதேன்னு எனக்குச் சத்தியம் வாங்கினாரு."

கண்ணுங்களா, என்ன ஒரு பொருத்தம் பாருங்க. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்களே ஒரு சிரிப்பு! தலைமேல் இருந்த மலை இறங்கின மாதிரி இருந்ததாம் இரண்டு பேருக்கும். "அப்ப தேதியை வெச்சுடலாம்," என்று கலீலுல்லா கம்பளத்தில் சம்மணம் போட்டார். "நிஷா, அந்த ஓட்டைல ஏதாவது ஒரு போர்வையைத் தொங்க விடு. சோத்தை எடுத்தா."

நிஷா உள்ளே போனாள். ஸாகிபைக் கூப்பிட்டுத் தேக்ஸாவின் ஒரு காதைப் பிடிக்கச் சொன்னாள். சோறு கூடத்துக்கு வந்தது. கூடத்தில் நிற்கவில்லை. ஓட்டை வழியாக மேஜை மேல் இறங்கி, அங்கிருந்து ஸமீஹாவின் அடுப்பு மேடைக்குப் போனது. பின்னாலேயே நிஷாவும் இறங்கினாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. ஸமீஹாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?" என்று மேலே இருந்து குரல் வந்தது.

"மாமி கையால மொதக் கரண்டி. மாமி வீடு இது. வேணுங்கறவங்க எறங்கி வாங்க."

"விருந்தாளியை வெச்சுக்கினு இது என்னா அசிங்கம்!"

"அசிங்கம்தான். நல்லா எறங்கி வந்து பாருங்க, எவ்வளவு உசரம் அசிங்கம்னு."

முதலில் இறங்கியது கவுஸ் பாய். மணம் அப்படி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யா அல்லா, ஜில்லுனு இருக்கே," என்று தொப்பென்று குதித்தார். பிறகு அவர் மனைவி, ஒரு கையில் செருப்போடு. கடைசியில் மேலே, நாலடி உயரத்தில், காற்றோட்டமான கூடத்தில், கலீலுல்லா மட்டும் தனியாக நின்றார். கீழே சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் ஓட்டையில் காலைத் தொங்க விட்டார்.

தண்ணீர் அவர் தொடையைத் தொட்டபோது முகம் மாறியது. புயலன்று அவர் கடையின் மாடியில் இருந்தார். தண்ணி வடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் அவர் நின்றதே இல்லை. காலடியில் தங்கச்சியின் தலையணை மிதந்து வந்து முட்டியது. குனிந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸமீஹா தட்டில் சோறு போட்டு நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணே. ஆறிடும்."

அவர் வாங்கவில்லை. "தெய்வசிகாமணிக்குப் போன் போடறேன்," என்றார். "உன் வீட்டையும் தூக்கிடலாம்."

"தூக்கிட்டு? அவ மேல விழற தண்ணி அடுத்த வீட்டுக்குப் போகும். அவங்க தூக்குவாங்க. கடைசி வீட்டுக்காரன் வாய்க்கால்ல முழுகுவான்," என்றாள் நிஷா. "நாளைக்கு லாஸ்பேட்டைக்குப் போறோம். அந்தப் பொண்ணு கிட்ட, நாங்க சொன்னது பொய், எங்க தெரு பச்சை இல்லன்னு உங்க வாயால சொல்றீங்க. அது நாளைக்கு. இப்ப கடப்பாரையை எடுங்க."

"எதுக்கு?"

"ரேம்புக்கு."

"புது ரேம்ப்டி அது!"

"அதான் நல்லாத் தண்ணியைத் தடுக்குது."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் தட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். தலையணையை மேஜை மேல் வைத்துவிட்டு, ஓட்டையில் ஏறிக் கூடத்துக்குப் போய், அவரே போட்ட ரேம்பில் இறங்கி, கொட்டுகிற மழையில் கலீலுல்லா கடப்பாரையை ஓங்கினார். ஸாகிபும் கூட நின்றான். கவுஸ் பாய் ஓட்டையில் இருந்து தலையை நீட்டி, வாயில் சோற்றோடு, "ஓரத்துல குத்துங்க பாய், ஓரத்துல!" என்று யோசனை சொன்னார்.

சாக்கடையின் வாய் ஒரு சாண் திறந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. போய், பத்து அடி தள்ளி, அடுத்த வீட்டு ரேம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. "கலீல் பாய், என்னா வேலை பண்றீங்க? தண்ணியை இந்தாண்ட திருப்பறீங்களே!"

"உன் ரேம்பையும் இடி!"

"நான் ஏன் இடிக்கணும்? எங்க வீட்லதான் தண்ணியே வர்றது இல்லியே!" என்றது ஜன்னல். சொன்னவர் முட்டிக்கு மேல் நனைந்த லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

நிஷா ஈரச் சேலையோடு ரேம்பில் இறங்கி வந்தாள். புருஷன் கையில் இருந்த கடப்பாரையை வாங்கி, முட்டித் தண்ணீரில் நடந்து, அந்த வீட்டு வாசலுக்கே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்படீன்னா நனையாத ஆளு மேலயே இருங்க பாய்," என்றாள். "நாங்க இடிச்சுக்கறோம்."